கீசர் போட்டால் டிரிப் ஆகிறது: எம்.சி.பி.யை மாற்றுவதா, தனி லைன் இழுப்பதா, கீசரையே தூக்கிப் போடுவதா?

மதுரையில் இருக்கும் சித்தி மகள் போன மாதம் ஒருநாள் காலை ஆறே முக்காலுக்குப் போன் செய்தாள். "அண்ணா, மறுபடியும் போயிருச்சு. எலக்ட்ரீசியன் 32 ஆம்பியர் போட்டுட்டா இனிமே விழவே விழாதுங்கிறார். போட்டுரட்டுமா?" எது விழுந்தது என்று கேட்டேன். "பெட்டியில ஏதோ ஒண்ணு கீழ இறங்கியிருந்துச்சு, மேல தூக்கி விட்டேன், வந்துருச்சு" என்றாள்.

ஒரு மில்லில் மின் பராமரிப்பில் பல வருடம் இருந்தவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். கேட்பவர்கள் அதற்கு முன்பே நான்கு பேரிடம் நான்கு பதில் வாங்கியிருப்பார்கள். எலக்ட்ரீசியன் எம்.சி.பி.யை மாற்றச் சொல்லியிருப்பார், கடைக்காரர் நல்ல கம்பெனி ஆர்.சி.சி.பி. வாங்கச் சொல்லியிருப்பார், பக்கத்து வீட்டுக்காரர் கீசர் போய்விட்டது என்றிருப்பார், மாமனார் "ரெண்டையும் ஒண்ணா போடாதீங்க" என்று முடித்திருப்பார். நான்குமே ஏதோ ஒரு வீட்டுக்குச் சரியான பதில்தான், உங்கள் வீட்டுக்கு எது என்பதுதான் விஷயம்.

## எது விழுகிறது, எப்போது விழுகிறது

டிபி பாக்ஸில், அதாவது வீட்டு லைன்கள் எல்லாம் பிரிகிற பெட்டியில், ஒரு விரல் அகலத்தில் வரிசையாக நிற்பவை எம்.சி.பி.கள். அவற்றுக்கு முன்னால் இரண்டு மடங்கு அகலத்தில், சின்ன டெஸ்ட் பொத்தானோடு இருப்பது ஆர்.சி.சி.பி. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. எவ்வளவு கரண்ட் போகிறது என்பதை எம்.சி.பி. கவனிக்கிறது, அளவு மீறினால் விழுந்து லைனைத் துண்டிக்கிறது. போன கரண்ட் முழுதாகத் திரும்பி வந்ததா என்பதை ஆர்.சி.சி.பி. கவனிக்கிறது. ஃபேஸில் போனது நியூட்ரலில் திரும்பவில்லை என்றால் மிச்சம் எர்த்துக்கோ, ஈரச் சுவருக்கோ, யாருடைய கைக்கோ போகிறது என்று அர்த்தம். வீடுகளில் வைப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அது 15க்கும் 30க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். ஓவர்லோடு என்றால் என்ன என்றே அதற்குத் தெரியாது. அதேபோல எம்.சி.பி.க்கு இந்தச் சின்னக் கசிவு கண்ணிலேயே படாது.

எம்.சி.பி.தான் விழுகிறது என்றால் நேரத்தைப் பாருங்கள். சுவிட்சைப் போட்ட நொடியில் டப்பென்று விழுந்தால் ஷார்ட், அல்லது மோட்டார் மாதிரி எதுவோ கிளம்பும்போது இழுக்கும் பெரிய கரண்ட். பத்து இருபது நிமிடம் ஓடிவிட்டு விழுந்தால் பெரும்பாலும் ஓவர்லோடு. தங்கச்சி வீட்டுக் கதை இரண்டாவது ரகம். ஒரே லைனில் கீசர் 2000 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 1800, மிக்ஸி 750, ஆக 4550 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 19.8 ஆம்பியர். அங்கே இருந்தது 16 ஆம்பியர் எம்.சி.பி.

அப்படியானால் ஏன் உடனே விழவில்லை, சில நாள் ஏன் விழுவதே இல்லை என்று கேட்பீர்கள். எம்.சி.பி.யின் தரநிலையே அப்படித்தான்: குறித்திருக்கும் ஆம்பியரைப் போல 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும், 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே தீர வேண்டும். 16 ஆம்பியருக்கு இது 18-லிருந்து 23 வரை. நடுவில் இருக்கும் 19.8 என்பது அதன் இஷ்டம். வெயில் காலத்தில், நெருக்கமான பெட்டிக்குள், உள்ளே இருக்கும் இரட்டை உலோகத் தகடு ஏற்கெனவே சூடாக இருப்பதால் சீக்கிரம் விழும், மார்கழியில் தாக்குப் பிடிக்கும். டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்திருந்தாலும் அந்தச் சூடே தகட்டை வளைத்துவிடும். அதனால் ஸ்க்ரூவை முறுக்கிப் பார்க்காமல் புது எம்.சி.பி. வாங்கச் சொல்கிறவரை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயம். முதலாவது, செய்யப்போகிற வேலை நெருப்பையும் ஷாக்கையும் தடுக்கிறதா, இல்லை தடுக்கிற சாமானைக் கழற்றுகிறதா. இதில் தோற்றால் மற்ற நான்கையும் பார்க்க வேண்டியதே இல்லை. இரண்டாவது, அது காரணத்தைத் தொடுகிறதா. மூன்றாவது, கையிலிருந்து போகிற பணம், அதோடு கொத்தனார், பெயிண்ட், ஒருநாள் லீவு என்று பின்னால் வருகிற பணமும் சேர்த்து. நான்காவது, சொந்த வீடா, வாடகை வீடா. ஐந்தாவது, இன்னும் இரண்டு வருடத்தில் அந்த வீட்டில் என்னென்ன வரப்போகிறது. ஒரு ஏசி வாங்கினவர்கள் அதோடு நிற்பதில்லை.

## வழி 1: பெரிய எம்.சி.பி. போடுவது

செலவு சில நூறு ரூபாய், வேலை பத்து நிமிடம், அன்றைக்கே பிரச்சினை போய்விடும். எலக்ட்ரீசியன்களுக்கு இது பிடிப்பதற்கும் அதுதான் காரணம், வீட்டுக்காரர் முகத்தில் உடனே சந்தோஷம் தெரியும்.

எம்.சி.பி. காப்பாற்றுவது உங்கள் கீசரை இல்லை, சுவருக்குள் போகிற வயரை. 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் பைப்புக்குள் சுமார் 20 ஆம்பியர் தாங்கும், 4 சதுர மி.மீ. என்றால் 25-ஐக் கொஞ்சம் தாண்டும். பழைய வீடுகளில் இருப்பது 3/20 என்று சொல்வார்களே, 20 கேஜ் கம்பி மூன்று, அது கணக்குப் போட்டால் 2 சதுர மி.மீ.கூட முழுதாக வராது. அதன் தலையில் 32 ஆம்பியர் எம்.சி.பி.யை வைத்தால், 1.45 மடங்குக் கணக்குப்படி 46 ஆம்பியர் வரைகூடக் கொஞ்ச நேரம் ஓட அனுமதி கொடுத்தாகிவிட்டது. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. சாதாரண பிவிசி உறை 70 டிகிரிக்குத்தான் செய்யப்பட்டது. உறை முதலில் இளகும், பிறகு காய்ந்து மொறுமொறுப்பாகும், சுவருக்குள் இருப்பதால் யாருக்கும் தெரியாது. அந்த வீட்டில் எம்.சி.பி. விழாது என்பது உண்மைதான்.

இந்த வழி சரியாக வருகிற இடமும் உண்டு. பெட்டியிலிருந்து பிளக் வரை முழுக்க 4 சதுர மி.மீ. வயர் இருக்கிறது, யாரோ கையில் இருந்தது என்று 10 ஆம்பியரையோ 16-ஐயோ மாட்டிவிட்டார்கள் என்றால், தாராளமாக 20-க்குப் போகலாம். ‘முழுக்க’ என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பெட்டியில் தடித்த வயர் தெரியும், நடுவில் ஒரு ஜங்ஷனில் மெல்லியதாக மாறியிருக்கும்.

இன்னொன்று, ஆம்பியரை மாற்றாமல் ரகத்தை மட்டும் மாற்றுவது. எம்.சி.பி. மேல் ‘பி10’, ‘சி16’ என்று போட்டிருக்கும். ‘பி’ ரகம் மூன்றிலிருந்து ஐந்து மடங்கு கரண்டில் உடனே விழும், ‘சி’ ரகம் ஐந்திலிருந்து பத்து மடங்கில். 1 ஹெச்.பி. தண்ணீர் மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதை ‘பி10’-ல் மாட்டினால் போட்ட நொடியில் விழத்தான் செய்யும், மோட்டார் மேல் குற்றமில்லை. ‘சி10’ மாற்றினால் முடிந்தது. மோட்டார், ஏசி லைன்களுக்கு முதலில் கேட்க வேண்டியதே இதைத்தான்.

## வழி 2: ஆர்.சி.சி.பி.யைத் தூக்கிவிடுவது, அல்லது 100 மில்லி ஆம்பியர் போடுவது

"அது ரொம்ப சென்சிட்டிவ் சார், டைரக்ட் பண்ணிடுறேன்" என்று சொல்லி ஃபேஸையும் நியூட்ரலையும் நேராக இணைத்துவிட்டுப் போகிற பழக்கம் நம் ஊரில் நிறைய. மழைக்காலத்தில் இரண்டு நாள் தொடர்ந்து விழுந்தால் வீட்டுக்காரரே கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

வேண்டாம். இதற்கு ‘சில சந்தர்ப்பங்களில்’ என்று இழுக்கவும் நான் தயாரில்லை. 100, 300 மில்லி ஆம்பியர் சாதனங்கள் தீ பிடிப்பதைத் தடுக்க வைப்பவை, ஆளைக் காப்பாற்ற வைப்பவை அல்ல. ஷாக் அடிக்கும்போது கையை விடுவிக்க முடியாமல் போவது 30-க்கும் கீழேயே நடக்கும், ஆர்.சி.சி.பி. அந்த நேரத்தை நொடியின் சிறு பகுதியாகச் சுருக்குகிறது, அதனால்தான் ஆள் பிழைக்கிறார். அது விழுகிறது என்றால் எங்கேயோ கசிகிறது. ஈரக் கையோடு கீசர் பக்கத்தில் நிற்கப்போவது உங்கள் வீட்டு ஆள்.

## வழி 3: இரண்டையும் ஒன்றாகப் போடாமல் பார்த்துக்கொள்வது

மாமனார் சொன்ன வழி. இதை யாரும் ஒரு தீர்வாகவே மதிப்பதில்லை, எனக்கோ ஓவர்லோடு விஷயத்தில் இதன் மேல் நல்ல மரியாதை உண்டு. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக 2000 வாட் கீசருக்கு ஆகிற நேரம் சுமார் இருபது நிமிடம். ஆறு மணிக்குப் போட்டு ஆறு இருபதுக்கு அணைத்தால், அதன் பிறகு இண்டக்‌ஷனில் தோசை ஊற்ற எந்தத் தடையும் இல்லை. இண்டக்‌ஷனையும் 1200 வாட்டில் வைத்துச் சமைக்கலாம், சாம்பார் கொதிக்க 1800 தேவையில்லை.

வாடகை வீடு, இன்னும் ஆறு மாதத்தில் காலி செய்கிறோம் என்றால் இதைத் தவிர வேறு எதற்கும் பணம் போடாதீர்கள். ஆனால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி, பிளக்கும் எம்.சி.பி.யும் சூடாகிறதா என்று ஒருமுறை பார்க்க வையுங்கள்.

இதன் மறைமுகச் செலவு மனுஷங்களோடு சம்பந்தப்பட்டது. ஊரிலிருந்து வந்த பெரியம்மாவுக்கு உங்கள் வீட்டு டைம்டேபிள் தெரியாது. இரவு பன்னிரண்டு மணிக்குக் குழந்தைக்குப் பால் காய்ச்சும்போது யாரோ கீசரைப் போட்டிருப்பார்கள். அப்புறம், எம்.சி.பி. ஏற்கெனவே பெரிதாக மாற்றப்பட்ட வீடாக இருந்தால் இந்த வழி ஆபத்து, ஏனென்றால் யாராவது மறந்தால் தடுக்க ஆளில்லை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு வேறு அறையிலிருந்து கரண்ட் இழுப்பது இந்த வழியில் சேராது. அந்த மெல்லிய வயரில் கெட்டிலையும் அயர்ன் பாக்ஸையும் போடுவது பிரச்சினையை வேறு அறைக்கு மாற்றுவதுதான்.

## வழி 4: பொருளை ரிப்பேர் செய்வது, அல்லது மாற்றுவது

ஆர்.சி.சி.பி. விழுந்தால் முதலில் இங்கேதான் தேட வேண்டும், சந்தேகப் பட்டியலில் கீசர்தான் முதலில். போர் தண்ணீர் உப்பு, தண்ணீரைச் சூடாக்குகிற எலிமென்ட் மேல் ஓடு மாதிரி படிகிறது, அதற்கடியில் சூடு தேங்கி உலோக உறையில் மயிரிழை விரிசல் விழுகிறது, உள்ளே இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரத்தை இழுக்கிறது, கசிவு தொடங்குகிறது. எலிமென்ட் மாற்ற ஆகிற செலவு புதுக் கீசரில் சிறு பங்குதான். டேங்கே கசிகிறது, எட்டு பத்து வருடப் பழசு என்றால் எலிமென்ட் மாற்றுவது பணத்தை வீணாக்குவது, புதுசே வாங்கிவிடலாம்.

கோடை முழுவதும் போடாமல் வைத்த கீசர் ஐப்பசியில் முதல் தடவை போடும்போது மட்டும் விழுவதும் அந்தப் பொடியின் ஈரத்தால் நடக்கலாம். அதற்காக ஆர்.சி.சி.பி.யைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டு ‘காய வைக்கும்’ வித்தையைச் செய்யாதீர்கள், மெகர் என்கிற, கசிவைச் சோதிக்கும் மீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண மல்டிமீட்டர் சில வோல்ட்டில் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடும், மெகர் 500 வோல்ட்டில் பார்ப்பதால் பொய் சொல்வது குறைவு.

எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க நீங்களே செய்யக்கூடியது: எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள், எல்லா எம்.சி.பி.யையும் இறக்குங்கள், ஆர்.சி.சி.பி.யை ஏற்றுங்கள், ஒவ்வொரு எம்.சி.பி.யாக ஏற்றுங்கள், பிறகு ஒவ்வொரு பிளக்காக மாட்டுங்கள். எதில் விழுகிறதோ அது. பெட்டியின் மூடியைக் கழற்ற வேண்டாம், அது எலக்ட்ரீசியன் வேலை. கருகல் வாடையோ, பழுப்பேறிய பிளக்கோ கண்ணில் பட்டால் இந்தச் சோதனையே வேண்டாம், மெயினை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

இந்தச் சோதனை ஏமாற்றுகிற ஒரு இடம் இருக்கிறது, அதில் நானே இரண்டு நாள் சுற்றியிருக்கிறேன். எங்கள் வீட்டில் மோட்டார் போட்டால் ஆர்.சி.சி.பி. விழும். மோட்டாரைக் கழற்றி, வைண்டிங் பார்த்து, கெபாசிட்டர் பெட்டிக்குள் செத்துக் கிடந்த பல்லியை எடுத்து, எல்லாம் செய்தும் விழுந்தது. கடைசியில் பார்த்தால் குற்றவாளி கேட் தூணில் இருந்த விளக்கு. இரும்புக் கூட்டுக்குள் நியூட்ரல் ஜாயிண்ட்டின் டேப் பிரிந்து மழை ஈரத்தில் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒற்றை எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் வெட்டும், நியூட்ரல் இணைந்தே இருக்கும். அதனால் கேட் விளக்கு எம்.சி.பி.யை இறக்கினாலும் கோளாறு அப்படியே இருக்கும், வீட்டில் பெரிய லோடு எது ஓடினாலும் திரும்பி வருகிற கரண்ட்டில் ஒரு பங்கு அந்த வழியாக மண்ணுக்குப் போய் ஆர்.சி.சி.பி. விழும். எதைப் போட்டாலும் விழுகிறது, ஆனால் ஒவ்வொன்றாகச் சோதித்தால் எல்லாமே நன்றாக இருக்கிறது என்றால் நியூட்ரலைத் தேடுங்கள். இன்வெர்ட்டர் மாட்டிய மறுநாளிலிருந்து விழுகிறது என்றாலும் அதே கதைதான்: இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை வேறு நியூட்ரலோடு சேர்த்திருப்பார்கள். அதற்காகப் புது ஃபிரிட்ஜ் வாங்கினவர்களை எனக்குத் தெரியும்.

## வழி 5: ஆர்.சி.சி.பி.யைப் பிரிப்பது

முழு வீட்டுக்கும் ஒரே ஆர்.சி.சி.பி. என்றால் வாஷிங் மெஷினில் கசிந்தாலும் படுக்கையறை மின்விசிறி நிற்கும். கூடவே இன்னொரு தொல்லையும் இருக்கிறது. கம்ப்யூட்டர், டிவி, இன்வெர்ட்டர் ஏசி, எல்.இ.டி. டிரைவர் இவை ஒவ்வொன்றும் நல்ல நிலையிலேயே கொஞ்சம் கசியும், அது தப்பில்லை. பத்துப் பதினைந்து பொருள் சேர்ந்தால் ஆர்.சி.சி.பி. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும், கீசர் போட்டதும் விழும், பழி கீசர் மேல்.

இதற்கு இரண்டு ஆர்.சி.சி.பி. போட்டு வீட்டை இரண்டாகப் பிரிக்கலாம், அல்லது கீசர், வாஷிங் மெஷின், வெளிவிளக்கு என்று தண்ணீரோடு சம்பந்தப்பட்ட லைன்களுக்குத் தனித்தனி ஆர்.சி.பி.ஓ. வைக்கலாம். ஆர்.சி.பி.ஓ. என்பது எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒரே கூட்டில். வாங்கும்போது ‘ஏ’ டைப் கேளுங்கள், இப்போதைய இன்வெர்ட்டர் பொருட்களுக்குப் பழைய ‘ஏசி’ டைப் அவ்வளவு பொருத்தமில்லை.

சாமான் விலை சில ஆயிரம். அதைவிட வேலை பெரிது. பிரிக்கும்போது ஒவ்வொரு லைனின் நியூட்ரலும் அதனதன் ஆர்.சி.சி.பி.க்குத்தான் போக வேண்டும். பழைய வீட்டில் நியூட்ரல்கள் ஜங்ஷன் பாக்ஸில் பின்னிக் கிடக்கும், அவற்றைப் பிரிக்க ஒரு முழு நாள்கூடப் போகும், பெட்டியும் பெரிதாக வேண்டியிருக்கும். அவசரமாகச் செய்தால் முன்பு வாரத்துக்கு ஒருமுறை விழுந்தது, இப்போது மணிக்கு ஒருமுறை விழும்.

## வழி 6: பெட்டியிலிருந்து தனி லைன்

ஓவர்லோடு என்று உறுதியானால், சொந்த வீடாகவும் இருந்தால், என் ஓட்டு இதற்குத்தான். கீசருக்கு ஒன்று, சமையலறை இண்டக்‌ஷனுக்கு ஒன்று, ஏசி ஒவ்வொன்றுக்கும் ஒன்று. 4 சதுர மி.மீ. வயர், கூடவே எர்த் வயர், தலையில் ‘சி20’ எம்.சி.பி. ஒரு பவர் சர்க்யூட்டில் இரண்டு பாயிண்ட்டுக்கு மேல் வேண்டாம், மொத்தம் 3000 வாட்டுக்கு மேல் வேண்டாம் என்பது வயரிங் பழக்கத்தில் நெடுநாளாக இருக்கிற கணக்கு. அந்தக் காலத்தில் இரண்டு பாயிண்ட்டில் ஒன்றில் அயர்ன் பாக்ஸ், இன்னொன்று சும்மா. இன்றைக்கு இரண்டிலும் 2000 வாட் பொருள் மாட்டியிருக்கிறோம்.

பழைய பைப்பில் இடம் இருக்கிறதா என்பதில்தான் செலவு தீர்மானமாகும். ஸ்பிரிங் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இடம் இருந்தால் அரைநாள் வேலை. இல்லையென்றால் சுவரைக் கொத்த வேண்டும், பூச வேண்டும், பெயிண்ட் அடிக்க வேண்டும், அந்த ஒரு சுவருக்கு மட்டும் அடித்தால் நிறம் ஒட்டாது என்று வீட்டில் சொல்வார்கள், முழு அறைக்கும் அடிப்பீர்கள். இந்தக் கடைசி வரிதான் எஸ்டிமேட்டில் வராது. அழகைப் பற்றிக் கவலையில்லை என்றால் சுவர் மேலேயே பிவிசி பட்டி அடித்துக் கொண்டுபோகலாம், வேலை சுத்தமாக இருந்தால் பத்து நாளில் கண்ணுக்குப் பழகிவிடும். வாடகை வீட்டுக்கும் வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால் இதுவே போதும்.

பெட்டியில் காலி இடம் இருக்கிறதா, மீட்டரிலிருந்து வருகிற மெயின் வயர் இந்தக் கூடுதல் லோடைத் தாங்குமா என்று அதே நாளில் பார்க்கச் சொல்லுங்கள். கிளைகளை மட்டும் தடிப்பாக்கி மெயினை விட்டால் அடுத்து மெயின் விழும்.

## வழி 7: முழு வீட்டுக்கும் புது வயரிங்

எண்பதுகளில் கட்டின வீடு, அலுமினியம் வயர் அல்லது தொட்டால் உதிர்கிற உறை, லைட் பாயிண்ட்டுகளில் எர்த்தே கிடையாது, பெட்டிக்குப் பதில் இன்னும் பீஸ் கட்டை என்றால் தனி லைன் இழுப்பது கிழிந்த வேட்டிக்குப் புதுக் கரை போடுகிற மாதிரி. செலவு லட்சத்தைத் தொடலாம், ஒன்றிரண்டு வாரம் வீடே வேலைக்களம். அதனால் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற வருடத்தோடு சேர்த்துச் செய்யுங்கள், கொத்துகிற செலவும் பெயிண்ட் செலவும் ஒன்றில் அடங்கும். பெயிண்ட் அடித்த மறுவருடம் வயரிங் மாற்றினவர்களின் வயிற்றெரிச்சலைக் கேட்டிருக்கிறேன்.

## வழி 8: ஈ.பி. பக்கம் போவது

மீட்டர் பெட்டியில் பீஸ் போகிறது, மெயின் விழுகிறது, இரண்டு ஏசியும் கீசரும் ஒன்றாக ஓடும்போதுதான் நடக்கிறது என்றால் வீட்டுக்குள் என்ன மாற்றினாலும் பயனில்லை. அனுமதிக்கப்பட்ட சுமையை உயர்த்த வேண்டும், தேவைப்பட்டால் த்ரீ ஃபேஸுக்குப் போக வேண்டும். கட்டணமும் கூடுதல் வைப்புத்தொகையும் உண்டு, பெட்டியிலிருந்து எல்லாவற்றையும் மூன்று ஃபேஸுக்கும் சமமாகப் பிரிக்கிற வேலையும் உண்டு.

கோடை இரவில் மட்டும் ஏசி லைன் விழுகிறதா? வோல்ட்டேஜைப் பாருங்கள். 180-க்கு இறங்கினால் கம்ப்ரஸர் திணறி அதிகக் கரண்ட் இழுக்கும். கீசர் மாதிரி எலிமென்ட் பொருள் அப்போது குறைவாகத்தான் இழுக்கும், அதனால் ஏசி மட்டும் விழுந்து கீசர் ஓடினால் அதுவே ஒரு துப்பு. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-ல் புகார் கொடுத்துவிட்டு, ஸ்டெபிலைசர் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | எப்போது சரி | நேரடிச் செலவு | பின்னால் வருவது |
|---|---|---|---|
| பெரிய எம்.சி.பி. | வயர் முழுக்கத் தடிப்பாக இருந்தால் மட்டும் | சில நூறு | வயர் மெல்லியதானால் தீ |
| ஆர்.சி.சி.பி.யை நீக்குவது | எப்போதும் இல்லை | ஒன்றுமில்லை | உயிர் |
| மாற்றி மாற்றிப் போடுவது | வாடகை வீடு, எம்.சி.பி. சரியான அளவு | ஒன்றுமில்லை | மறதி, விருந்தாளிகள் |
| பொருள் ரிப்பேர் | ஆர்.சி.சி.பி. விழுந்து, பொருள் உறுதியானால் | நூறுகளிலிருந்து ஆயிரங்கள் | தப்பான பொருளை மாற்றுவது |
| ஆர்.சி.சி.பி. பிரிப்பது | நிறைய எலக்ட்ரானிக்ஸ், பெரிய வீடு | சில ஆயிரம் | நியூட்ரல் பிரிக்கிற கூலி, புதுப் பெட்டி |
| தனி லைன் | ஓவர்லோடு, சொந்த வீடு | சில ஆயிரம் | கொத்து, பூச்சு, பெயிண்ட் |
| புது வயரிங் | பழைய வயர், எர்த் இல்லாத வீடு | லட்சம் வரை | இரண்டு வாரத் தூசி |
| ஈ.பி. சுமை உயர்வு | மெயினே விழுந்தால் | கட்டணம், வைப்புத்தொகை | ஃபேஸ் பிரிக்கிற வேலை |

கூப்பிடுகிற ஆளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெஸ்டர் ஒன்றை மட்டும் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வருகிறவருக்கும், கிளாம்ப் மீட்டரும் மெகரும் கொண்டுவருகிறவருக்கும் கூலியில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம். இரண்டாமவர் கீசர் ஓடும்போது வயரைச் சுற்றிக் கிளாம்பைப் போட்டு ‘இந்த லைனில் இத்தனை ஆம்பியர்’ என்று எண்ணைக் காட்டுவார். அந்த எண் இல்லாமல் மேலே இருக்கிற எட்டில் எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

தங்கச்சி வீட்டில் மூன்றாவது எம்.சி.பி.தான் விழுந்துகொண்டிருந்தது, ஆர்.சி.சி.பி. அசையவே இல்லை. வேறொரு எலக்ட்ரீசியன் வந்து பிளக்கைக் கழற்றினபோது உள்ளே இருந்தது 3/20 வயர், டெர்மினல் பக்கம் இரண்டு விரல் நீளத்துக்குக் கருத்திருந்தது. கீசருக்குத் தனியாக 4 சதுர மி.மீ. லைன், சுவர் மேலேயே பட்டி, ஹாலின் மூலை வழியாக. இண்டக்‌ஷன் பழைய லைனிலேயே இருக்கிறது, கருத்த முனையை வெட்டி, பிளக்கை மாற்றியாயிற்று. மச்சானுக்குப் பட்டி கண்ணை உறுத்துகிறதாம், திரை போட்டு மறைக்கலாமா என்று யோசிக்கிறார். எனக்குப் பிடித்தது, வேலை முடிகிற நேரத்தில் தங்கச்சி எலக்ட்ரீசியனிடம் போய் "இந்த வயர் எத்தனை ஸ்கொயர்ண்ணே?" என்று கேட்டு, பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்ததுதான்.